வர்ஜீனியாவின் துப்பாக்கிச் சட்டங்களும் மக்கள் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் என்றாலே வாஷிங்டனைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் யார் எதை வாங்கலாம், எங்கே எடுத்துப் போகலாம் என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. மாநிலச் சட்டம் ஒன்றுக்கு எதிர்ப்பு எப்படித் திரள்கிறது, எங்கே பலிக்கிறது, எங்கே விழலுக்கு இறைத்த நீராகிறது என்று பார்க்க 2019, 2020 வர்ஜீனியாவைப் போல வசதியான இடம் வேறில்லை. அங்கே தேர்தல் தொடங்கிச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தது வரை எல்லாம் எட்டே மாதத்துக்குள் நடந்து முடிந்தது.

இந்த எதிர்ப்பு எதிலிருந்து தொடங்கியது?

2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சி அலுவலகத்தில் அங்கேயே வேலை பார்த்த ஒருவர் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். கொலையாளி கையிலிருந்தவை .45 ரகக் கைத்துப்பாக்கிகள். ஒன்றில் சைலன்சர் பொருத்தப்பட்டிருந்தது. வழக்கத்தைவிட நீளமான மேகசின்களும் (தோட்டா அடுக்கும் பெட்டிகள்) இருந்தன. பின்னால் வந்த மசோதாக்களில் மேகசினும் சைலன்சரும் ஏன் அடிபட்டன என்பதற்கு இதுதான் காரணம்.

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் ஜூலை 9 அன்று சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அப்போது பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், ஒரு மசோதாவைக்கூட விவாதிக்காமல் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். நவம்பர் 5 தேர்தலில் கணக்கு தலைகீழானது: கீழவையில் ஜனநாயகக் கட்சிக்கு 55, எதிர்த்தரப்புக்கு 45, செனட்டில் 21க்கு 19. இரண்டு அவைகளும் ஆளுநர் பதவியும் சேர்ந்து அந்தக் கட்சியின் கைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஜூலையில் தடுக்க முடிந்ததை ஜனவரியில் தடுக்க முடியாது என்று துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்குப் புரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது அந்தத் தேர்தலுக்கு அடுத்த வாரத்தில்தான்.

எந்த மசோதா அவர்களை அவ்வளவு கலவரப்படுத்தியது?

எஸ்.பி. 16, அதாவது செனட் மசோதா 16. செனட்டர் டிக் சாஸ்லா தாக்கல் செய்தது. பின்னணிச் சோதனை (வாங்குபவர் துப்பாக்கி வாங்கத் தகுதியானவரா என்ற சரிபார்ப்பு), மாதம் ஒரு கைத்துப்பாக்கி என்று மற்ற மசோதாக்கள் பல இருந்தாலும், தெருவுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது இந்த ஒன்றுதான்.

வர்ஜீனியாச் சட்டத்தில் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் அடித்து வெடிக்க வைக்கும்) துப்பாக்கியில் 20 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் மாட்டியிருந்தாலோ, சைலன்சர் பொருத்த ஏற்றதாக இருந்தாலோ, தோளில் ஊன்றும் மடக்குக் கட்டை பொருத்தப்பட்டிருந்தாலோ அது தாக்குதல் துப்பாக்கி. எஸ்.பி. 16 இந்த வரையறையை அகலமாக்கியது. கழற்றி மாட்டும் மேகசின் உள்ள ரைஃபிளில் ஒரு பட்டியலிலுள்ள அம்சங்களில் ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும்: நீட்டிக் குறுக்கும் கட்டை, பிஸ்டல் பிடி, பெருவிரல் நுழைக்கும் துளையுள்ள கட்டை, முன்பக்க இரண்டாவது பிடி, சுடும்போது தெறிக்கும் ஒளியை மறைக்கும் குழல்முனை, இப்படி.

கடையில் தொங்கும் சாதாரண ஏ.ஆர்.15 ஒன்றை எடுத்துப் பாருங்கள். விசைக்குக் கீழே பிஸ்டல் பிடி இருக்கும். தோளில் ஊன்றும் கட்டையை ஆளுக்கேற்ப ஐந்தாறு நிலைகளில் நீட்டலாம். பட்டியலில் ஒன்றே போதும் என்னும்போது இங்கே இரண்டு இருக்கின்றன. ஆக, அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் ரைஃபிள் வகை அப்படியே வரையறைக்குள் விழுந்தது.

அதைவிடப் பெரிய வம்பு இன்னொரு சொல்லில் இருந்தது. விற்பது, வாங்குவது, தயாரிப்பது ஆகியவற்றோடு ‘வைத்திருப்பது’ என்பதையும் மசோதா குற்றமாக்கியது. முன்பே சட்டப்படி வாங்கியவர்களுக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. குற்றத்தின் தரம் ஆறாம் வகைப் பெருங்குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. ‘வீடு வீடாகப் பறிக்க வருகிறார்கள்’ என்ற பேச்சுக்கு இந்த ஒற்றைச் சொல்லே விதை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு விலக்கு தருவோம் என்று அரசு டிசம்பரில் சொன்னது. ஜனவரி நடுவில் சாஸ்லாவே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டும் தாமதம், ஊர் அதற்குள் பற்றிக்கொண்டுவிட்டது. பறிமுதல் நோக்கமே இல்லையென்றால் அந்தச் சொல்லை நவம்பரிலேயே எடுத்திருக்கலாம். வரைவில் காட்டிய அலட்சியம் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த இலவச விளம்பரம்.

‘அடைக்கல கவுன்டி’ என்றால் என்ன?

குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த ஒத்துழைக்க மாட்டோம் என்று சில அமெரிக்க நகரங்கள் அறிவித்துக்கொண்டபோது பயன்பட்ட சொல் இது. சரணாலயம் என்று மொழிபெயர்த்தால் பறவைகள்தான் நினைவுக்கு வரும். அடைக்கலம் என்பதே பொருந்தும். இடதுசாரிகளின் அந்த ஆயுதத்தைத் துப்பாக்கி உரிமைக்காரர்கள் எடுத்துத் திருப்பிப் பிடித்தார்கள்: எங்கள் ஊரில் துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்த மாட்டோம் என்று. 2018-இல் இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்காம் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது.

வர்ஜீனியாவில் 95 கவுன்டிகளும் 38 தனி நகரங்களும் உண்டு. நவம்பரில் ஒன்றிரண்டாகத் தொடங்கியது, ஜனவரிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் ஏதோ ஒரு வடிவில் தீர்மானமாகிவிட்டது. துப்பாக்கிச் சூடு நடந்த வர்ஜீனியா பீச்சின் நகர மன்றமும் ‘இரண்டாம் திருத்தத்தின் அரசமைப்பு நகரம்’ என்று தன்னை அறிவித்துக்கொண்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசமைப்புத் திருத்தம் அது. ஃபேர்ஃபாக்ஸ், ஆர்லிங்டன், அலெக்ஸாண்ட்ரியா, ரிச்மண்ட் சேரவில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் மாநிலமே எதிர்ப்பது போல் தெரியும். ஆனால் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி ஒன்றில் மட்டும் 11 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். தீர்மானம் போட்ட மலைப்பக்கக் கவுன்டிகள் பலவற்றில் சில பத்தாயிரம் பேர்தான். நிலப்பரப்பும் வாக்கும் வேறு வேறு என்பதை வண்ணம் தீட்டிய வரைபடம் மறைத்துவிடும்.

ஒரு கவுன்டியில் தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது?

தீர்மானம் வேறு, உள்ளூர்ச் சட்டம் வேறு. உள்ளூர்ச் சட்டம் இயற்ற முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும். தீர்மானத்துக்கு அந்தச் சடங்கு எதுவும் தேவையில்லை. கவுன்டியை நிர்வகிக்கும், மக்கள் தேர்ந்தெடுத்த போர்டின் ஒரு கூட்டத்திலேயே முடித்துவிடலாம். ஒன்றரை மாதத்தில் நூறைத் தொட முடிந்தது அதனால்தான்.

நடைமுறை இப்படிப் போனது. வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற துப்பாக்கி உரிமை அமைப்பு மாதிரி வரைவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வட்டாரத்தின் போர்டு உறுப்பினரைப் பிடித்து அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்வார். கூட்டத்தன்று பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு வழக்கமாக மூன்று நிமிடம். இருக்கை போதாமல் நடைபாதையிலும் வாகன நிறுத்தத்திலும் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் நிற்பார்கள். பிறகு வாக்கெடுப்பு.

கோட்டை விட்ட இடம் வரைவின் வாசகம். கவுன்டியின் சட்ட ஆலோசகர் கைக்குப் போனதும் ‘அமல்படுத்த மாட்டோம்’ என்பது ‘எதிர்ப்பைத் தெரிவிக்கிறோம்’ என்று மெலிந்துவிடும். ‘அடைக்கலம்’ என்ற சொல்லே போய் ‘அரசமைப்பைப் போற்றும் கவுன்டி’ என்று வரும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் பலர் தங்கள் கவுன்டி எதை நிறைவேற்றியது என்று படித்துப் பார்க்கவில்லை. அக்கறையுள்ளவர் கூட்டத்துக்குப் பின் நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: கவுன்டியின் பணம், ஆட்கள், கட்டடங்கள் பயன்படாது என்ற வரி தப்பியதா, வினைச்சொல் ‘மறுக்கிறது’ என்றிருக்கிறதா, ‘கவலை தெரிவிக்கிறது’ என்றிருக்கிறதா.

இந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட பலம் உண்டா?

இல்லை. வர்ஜீனியா ‘தில்லன் விதி’யைப் பின்பற்றும் மாநிலம். 19-ஆம் நூற்றாண்டில் அயோவா நீதிபதி ஜான் தில்லன் வகுத்தது: உள்ளாட்சிக்கு மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் வருவதும் மட்டுமே உண்டு. மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தை எந்த மாநிலமும் கவுன்டிக்குக் கொடுத்து வைத்திருக்காது. மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் 2019 டிசம்பர் 20 அன்று வெளியிட்ட கருத்துரையில் இதைத்தான் சொன்னார்: தீர்மானங்களுக்குச் சட்ட விளைவு கிடையாது, சட்டமன்றம் இயற்றியதை உள்ளாட்சிகள் பின்பற்றியே ஆகவேண்டும்.

கூட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது 1997-இன் பிரின்ட்ஸ் வழக்கு. மாநில, உள்ளூர் அதிகாரிகளைத் தன் வேலைக்கு இழுக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. வழக்குப் போட்டவர் ஒரு ஷெரிஃப் (கவுன்டியின் காவல் தலைவர்), விஷயமும் துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணிச் சோதனை. அதனால் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அது மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான கோடு. கவுன்டி என்பது மாநிலத்தின் பிள்ளை. அந்தக் கவசம் அதற்கு இல்லை.

பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்?

டாஸ்மாக் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் போடுகிறார்கள் அல்லவா? தீர்மானத்தால் மட்டும் கடை மூடப்படுவதில்லை. ஆனால் அந்தத் தொகுதி உறுப்பினர் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வர்ஜீனியாவிலும் அதுவே கணக்கு. நூறு தீர்மானங்கள் என்பது நூறு ஊர்களில் ஆள் திரட்டல், நூறு உள்ளூர்ச் செய்திகள், மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்த பல ஆயிரம் பெயர்கள்.

அதற்கும் ஆயுள் குறைவு. பிரின்ஸ் வில்லியம் கவுன்டியில் பதவிக்காலம் முடியவிருந்த போர்டு டிசம்பரில் தீர்மானம் போட்டது. ஜனவரியில் பொறுப்பேற்ற புதிய போர்டு முதல் வேலையாக அதை ரத்து செய்தது. ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

ஷெரிஃப் ‘நான் அமல்படுத்த மாட்டேன்’ என்றால்?

போர்டின் தீர்மானத்தைவிட இதற்குத்தான் கனம் அதிகம். வர்ஜீனியாவில் ஷெரிஃபை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்டியின் அரசு வழக்கறிஞரையும் அப்படியே. போர்டு இருவருக்கும் மேலாளர் அல்ல. யாரைத் தேடிப் பிடிப்பது, எந்த வழக்கை நடத்துவது என்பதில் இருவருக்கும் விருப்புரிமை உண்டு. மேகசின் எத்தனை தோட்டா கொள்கிறது என்று தேடிப் போகாத ஷெரிஃபை யாரும் எளிதில் கேள்வி கேட்க முடியாது.

எல்லை எங்கே வருகிறது என்றால், நீதிமன்றம் ஓர் உத்தரவைப் பிறப்பித்து அதைச் சேர்ப்பிக்கச் சொல்லும்போது. அப்போது மறுத்தால் அது விருப்புரிமை ஆகாது, நீதிமன்ற அவமதிப்பு. ஷெரிஃப் ஒதுங்கினாலும் மாநிலப் போலீஸ் கவுன்டிக்குள் வரலாம். ‘எங்கள் ஷெரிஃப் பார்த்துக்கொள்வார்’ என்று நம்பித் தடைசெய்யப்பட்ட பொருளோடு பக்கத்துக் கவுன்டிக்கு வண்டி ஓட்டிப் போகிறவர் இதை மறந்துவிடுகிறார்.

2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் என்ன நடந்தது?

மார்ட்டின் லூதர் கிங் நாள் மாநில விடுமுறை. சாதாரண வேலைக்காரர்கள் தலைநகருக்கு வந்து உறுப்பினர்களைப் பார்க்கத் தோதான நாள் என்பதால், துப்பாக்கி உரிமைக்காரர்களும் கட்டுப்பாடு கேட்பவர்களும் ஆண்டுதோறும் அன்று வருவது பழக்கம். அதற்கு ‘லாபி நாள்’ என்று பெயர். வழக்கமாகச் சில நூறு பேர் வருவார்கள். அந்த ஆண்டு அதிகாரிகளின் கணிப்புப்படி ஏறத்தாழ 22,000 பேர்: தலைமைச் சட்டமன்ற வளாகத்துக்குள் 6,000, வெளியே தெருக்களில் 16,000.

இந்த உள்ளே-வெளியே கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. வன்முறை மிரட்டல்கள் வந்திருப்பதாகச் சொல்லி ஆளுநர் அவசரநிலை அறிவித்து, 17-ஆம் தேதி மாலையிலிருந்து 21-ஆம் தேதி மாலை வரை வளாகத்துக்குள் ஆயுதங்களைத் தடை செய்தார். எதிர்த்துப் போட்ட வழக்கு கீழ் நீதிமன்றத்திலும் மாநில உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. ஆகவே உள்ளே போக ஒரே வாயில், உலோகச் சோதனை, வெறுங்கை. வேலிக்கு வெளியே தெருவில் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நிற்கச் சட்டம் அனுமதித்தது. படங்களில் நீங்கள் பார்த்த ரைஃபிள்களெல்லாம் வேலிக்கு வெளியே எடுத்தவை.

அதற்கு நான்கு நாள் முன்பு, ‘தி பேஸ்’ என்ற வெள்ளை இனவெறிக் குழுவைச் சேர்ந்த மூன்று பேரை எஃப்.பி.ஐ. கைது செய்திருந்தது. அவர்கள் ரிச்மண்டுக்கு வரத் திட்டமிட்டிருந்தார்கள். 2017-இல் அதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களின் பேரணி உயிர்ப்பலியில் முடிந்தது எல்லோர் நினைவிலும் இருந்ததால் பயம் கற்பனையல்ல. கட்டுப்பாட்டுக்கு ஆதரவான குழுக்கள் தங்கள் வழக்கமான அஞ்சலிக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டன.

கடைசியில் அடிதடியில்லை, ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போனார்கள். கைதானது 21 வயதுப் பெண் ஒருவர், அதுவும் முகத்தை மூடியிருந்ததற்காக. அடையாளத்தை மறைக்கப் பொது இடத்தில் முகம் மூடுவது வர்ஜீனியாவில் குற்றம். நான்கு மாதம் கழித்து, கொரோனாவுக்காக அதே மாநிலம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

அந்தப் பேரணியால் சட்டங்கள் நின்றனவா?

பெரும்பாலானவை நிற்கவில்லை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தவை: எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, 30 நாளுக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற வரம்பு (1993-இல் வந்து 2012-இல் நீக்கப்பட்ட பழைய விதிதான், மறைத்து எடுத்துச்செல்லும் அனுமதி உள்ளவர்களுக்கு விலக்கு), ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கும் சிவப்புக் கொடிச் சட்டம், துப்பாக்கி தொலைந்தாலோ திருடுபோனாலோ 48 மணி நேரத்துக்குள் புகார், பூங்கா, அரசுக் கட்டடம் போன்ற இடங்களில் தடை விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம்.

நின்றது ஒன்று, அதுதான் பெரியது. எஸ்.பி. 16 போன பிறகு, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளையும் 12 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் குறிவைத்த எச்.பி. 961 (கீழவை மசோதா 961) கீழவையில் பிப்ரவரி 11 அன்று 51-48 என்று தப்பிப் பிழைத்தது. பிப்ரவரி 17 அன்று செனட் நீதிக் குழு 10-5 வாக்கில் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக் குற்றவியல் ஆணையத்தின் ஆய்வுக்கு அனுப்பியது. அறையில் இருந்த எதிர்ப்பாளர்கள் ஆரவாரம் செய்தார்கள். தள்ளிவைப்பு என்பது மரியாதையான கொலை; 2021-இல் அது உயிர்த்தெழவில்லை.

வாக்களித்தவர்களைப் பாருங்கள். கிரீ டீட்ஸ், ஜான் எட்வர்ட்ஸ், சாப் பீட்டர்சன், ஸ்காட் சுரோவெல் என்ற நான்கு ஜனநாயகக் கட்சியினர் எதிர்த்தரப்போடு சேர்ந்தார்கள். முதல் இருவர் மேற்குப் பக்கம். மற்ற இருவர் வாஷிங்டன் ஒட்டிய புறநகர். எதிர்ப்பு கிராமப்புறத்தோடு நின்றிருந்தால் பின்னிருவர் அசைந்திருக்க வேண்டியதில்லை. குழுவில் எழுந்த சந்தேகங்கள் வரையறையைப் பற்றியவை: எந்தப் பாகம் இருந்தால் எது குற்றம் என்று. 12 என்ற எண்ணும் இடித்தது. க்ளாக் 17 என்ற பிரபலக் கைத்துப்பாக்கியின் தொழிற்சாலை மேகசினே 17 தோட்டா கொள்ளும். க்ளாக் 19-க்கு 15. ரைஃபிளைப் பற்றிய மசோதா என்று நினைத்தவர்களின் மேசை இழுப்பறையிலிருந்த கைத்துப்பாக்கியையும் அது தொட்டது.

அந்தக் குளிர்காலத்தில் கிறிஸ்டஃபர் நியூபோர்ட் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பு இதே படத்தைக் காட்டுகிறது: எல்லா விற்பனைக்கும் சோதனை 86 சதவீத ஆதரவு, சிவப்புக் கொடி 73, தாக்குதல் ரகத் தடை 54. முதல் இரண்டுக்கு எதிராக 22,000 பேர் நின்றாலும் உறுப்பினர்கள் பயப்படவில்லை. 54-இல் தான் அசைத்துப் பார்க்க இடமிருந்தது.

பின்னணிச் சோதனை விஷயத்தில் எதிர்ப்பாளர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லையா?

கிடைத்தது, சத்தமில்லாமல். முதலில் வந்த வாசகம் ‘கைமாற்றம்’ அனைத்தையும் பிடித்தது: வேட்டைக்கு நண்பனுக்கு இரவல் கொடுப்பது, அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது எல்லாம். செனட் அதை ‘விற்பனை’ என்று சுருக்கியது. ஒரே சொல் மாற்றம். நடைமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்படி நிறைவேறிய சட்டப்படி, தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது இருவரும் உரிமம் பெற்ற டீலரிடம் போக வேண்டியிருந்தது. வாங்குபவர் அடையாள அட்டை காட்டிப் படிவம் நிரப்புவார். டீலர் மாநிலப் போலீஸிடம் சரிபார்ப்பார். அனுமதி வந்த பின்தான் பொருள் கைமாறும். மீறினால் முதல் வகைச் சிறுகுற்றம்: 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். இதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. டீலர் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கைத்துப்பாக்கி விற்க மத்தியச் சட்டம் விடாது. தனியாரிடம் 18 வயதில் வாங்கலாம். எல்லாரும் டீலர் வழியே போக வேண்டுமென்றால் 18 முதல் 20 வயதினருக்கு வழி அடைபட்டது. 2020 ஜூலையில் லின்ச்பர்க் நீதிமன்றம் அந்த அளவுக்குச் சட்டத்தை நிறுத்தி வைத்தது. வழக்குகள் தொடர்ந்ததால், விற்க நினைப்பவர் அன்றைய நிலையை டீலரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

சிவப்புக் கொடிச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் யார்மீதும் புகார் கொடுத்துப் பறிக்கலாமா?

வர்ஜீனியாவில் முடியாது. குடும்பத்தாரோ அண்டை வீட்டாரோ நேரடியாக மனுப் போட வழியில்லை. போலீஸ் அதிகாரி அல்லது அரசு வழக்கறிஞர் விசாரித்து, நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டும். அவசர உத்தரவுக்கு ஆயுள் 14 நாள். அதற்குள் மாவட்ட அளவிலான சர்க்யூட் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும். தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் காட்டினால் 180 நாள் வரை நீட்டிக்கலாம். எதிர்ப்பாளர்களின் ஆட்சேபம் அந்த முதல் 14 நாளில் இருக்கிறது: உத்தரவு வரும்போது எதிர்த்தரப்பு அங்கே இருக்காது. ஆட்சேபம் நியாயமானதே, குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவும் இதே முறையில்தான் பிறக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு?

உள்ளாட்சிகளுக்குக் கிடைத்த புதிய அதிகாரத்தை ரிச்மண்ட், அலெக்ஸாண்ட்ரியா, ஃபேர்ஃபாக்ஸ் உடனே பயன்படுத்தின. 2021 லாபி நாளில் துப்பாக்கி ஏந்தி நிற்க இடமில்லாமல் வண்டி ஊர்வலமாக வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 தேர்தலில் செனட்டோடு கீழவையும் மீண்டும் ஜனநாயகக் கட்சியிடம் வந்து, தாக்குதல் ரகத் தடை 2024-இல் நிறைவேறியபோது யங்கின் தடுப்பதிகாரத்தால் அதை நிறுத்தினார். 2024 மார்ச் 26 அன்று ஒரே நாளில் அவர் நிறுத்திய துப்பாக்கி மசோதாக்கள் 30.

வேறு மாநிலங்களில் அடைக்கல உத்தி நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. ஓரிகனில் கொலம்பியா கவுன்டியின் உள்ளூர்ச் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. மிசூரி மாநிலமே மத்தியச் சட்டத்துக்கு எதிராக 2021-இல் இயற்றியதையும் மத்திய நீதிமன்றங்கள் செல்லாதென்றன. இப்போது எதிர்ப்பின் எடை வழக்கு மன்றத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் தந்த தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டத்துக்கு வரலாற்று முன்மாதிரி காட்டச் சொல்லி அரசுகளின் வேலையைக் கடினமாக்கிவிட்டது.

வர்ஜீனியாவில் வசிக்கிறேன். ஒரு மசோதாவைப் பற்றி, ஆதரவோ எதிர்ப்போ, பலிக்கும்படி சொல்வது எப்படி?

முதலில் எண்ணைச் சரியாகப் பிடியுங்கள். ஒரே விஷயத்துக்குக் கீழவையில் ஒன்று, செனட்டில் ஒன்று என்று இரட்டை மசோதாக்கள் இருக்கும். சட்டமன்றத் தளத்தில் எண்ணைத் தட்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட வரைவுகள் வரும். கடைசி மாற்று வரைவைப் படியுங்கள். மிகுதியாக நடக்கும் பிழை இதுதான்: குழு காலையில் வேறு வாசகத்தை ஏற்றிருக்கும், சாட்சி சொல்ல வந்தவர் நீக்கப்பட்ட பழைய பிரிவைத் திட்டிக்கொண்டிருப்பார். உறுப்பினர்கள் அப்போதே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, நேரம். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள் கூட்டம். நடுவில் ஒரு நாளுக்குள் ஒவ்வொரு அவையும் தன் மசோதாக்களை முடித்து அடுத்த அவைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே துணைக்குழுவில்தான் உயிர் போவதும் வருவதும். நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் முந்தைய நாள்தான் தெரியும். ஆளுநருக்கு அஞ்சல் அனுப்புவது துணைக்குழுக் கட்டத்தில் வீண். அந்தத் துணைக்குழுவில் யார் யார் என்று பார்த்து, அவர்களில் உங்கள் தொகுதிக்காரர் இருந்தால் அவருக்கு எழுதுங்கள். முதல் வரியில் உங்கள் முகவரிப் பகுதியும் அஞ்சல் எண்ணும். இரண்டாவது வரியில் மசோதா எண்ணும் உங்கள் நிலையும். பிறகு எந்த வரி எண்ணில் எந்தச் சொல் யாரைப் பாதிக்கிறது என்று ஒரே எடுத்துக்காட்டு. ‘கைமாற்றம்’ ‘விற்பனை’ ஆனது இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பொருந்தும் வேலை. நகலெடுத்து அனுப்பிய ஆயிரம் மின்னஞ்சல்களை உதவியாளர் ஒரே எண்ணாகத்தான் குறித்து வைப்பார்.

சாட்சி சொல்ல ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். உங்களுக்கு முன் பேசியவர் சொன்னதையே சொல்ல வேண்டியிருந்தால் பெயரையும் ஊரையும் சொல்லி ‘அதே கருத்து’ என்று உட்கார்ந்துவிடுங்கள். குழுத் தலைவர் நன்றியோடு நினைவில் வைப்பார்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். இதில் கலந்துகொள்ளலாமா?

கூட்டத்தில் பேச, உறுப்பினருக்கு எழுத, பேரணியில் நிற்கக் குடியுரிமை தேவையில்லை. வாக்குதான் இல்லை. துப்பாக்கியைத் தொடுவதுதான் வேறு கதை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டு வரை சிறை. விலக்குகளில் நடைமுறையில் பயன்படுவது ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம். பேரணியில் பக்கத்தில் நிற்பவர் ‘படம் எடுத்துக்கோங்க’ என்று ரைஃபிளை நீட்டினால் கையில் வாங்காதீர்கள். சுடும் பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைத்து அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை போகிறவர்கள் நிறைய. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. படிவத்தில் குடியேற்ற நிலையைக் கேட்கும் இடத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.